பழவேற்காட்டு ஆம்பளைகளின் இமைமுடி

எனக்கு மீன் ஆகும், கடல் ஆகாது. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்து, ஆழியாறு அணையை விடப் பெரிய தண்ணீரைப் பார்க்க ஆசைப்படாமலேயே ஐம்பது வயதைத் தொட்ட கோயம்புத்தூர்க்காரி நான். என்னைப் பிடித்துப் பழவேற்காட்டுக்கு அனுப்பினார் எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர். கேட்டால், கணக்கு உதைக்கிறது என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. ஆராய்ச்சி செய்வது டாக்டர்கள். அவர்கள் சொன்னபடி ஊர் ஊராக ஒழுங்காக நடக்கிறதா என்று மூக்கை நுழைத்துப் பார்ப்பது நான். ஊர்வம்புக்குச் சம்பளம் வாங்குகிற ஒரே பொம்பளை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

விஷயம் இதுதான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய் ஒன்று இருக்கிறது. கிளாக்கோமா என்பார்கள். வலிக்காது, உறுத்தாது, சிவக்காது. உள்ளே இருக்கிற நரம்பைச் சத்தமில்லாமல் தின்னும். முதலில் பக்கவாட்டில் தெரிவது போகும், பிறகு நடுவுக்கு வரும். ஆளுக்குத் தெரியவரும்போது பாதிக் கண் போயிருக்கும். அழுத்தத்தை இறக்கச் சொட்டு மருந்து உண்டு. எங்கள் ஆய்வில் இரண்டு மருந்துகள். வெள்ளை மூடி போட்டது ராத்திரி ஒரு வேளை. நீல மூடி போட்டது காலையும் மாலையும். இரண்டும் பழைய மருந்துதான், நல்ல மருந்துதான். நேரத்துக்குச் சாப்பிடவே முடியாத மீன்பிடிக்கிற ஜனங்களிடம் எது எடுபடுகிறது என்பதுதான் கேள்வி. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். அப்படிச் செய்தால்தான் ஆய்வு, இல்லாவிட்டால் அது டாக்டரின் இஷ்டம்.

எல்லா ஊரிலும் அழுத்தக் கணக்கு சாதுவாக வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரே ஒரு குப்பத்தில் மட்டும் கண்டபடி வந்தது. ஒரு மாதம் வெள்ளை மூடிக்காரர்களுக்கு அழுத்தம் நன்றாக இறங்கும். அடுத்த மாதம் அவர்களில் சிலருக்கு ஏறும், நீலக்காரர்களில் சிலருக்கு இறங்கும். அதற்கடுத்த மாதம் மறுபடி தலைகீழ். பெரிய டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "இது கண்ணா, ராட்டினமா?" என்று கேட்டார். நான் பெட்டியைக் கட்டினேன்.

முதல் நாளே அசிங்கம். சென்னையில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறி, ஜன்னல் காற்றில் அசந்து, பொன்னேரியில் இறங்க வேண்டியவள் கும்மிடிப்பூண்டியில் கண் விழித்தேன். பக்கத்தில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொன்னேரி பூட்ச்சே! எழுப்பலாம்னுதான் பாத்தேன். நல்லா கொறட்டவுட்டுக்கினு இருந்த, பாவமா இருந்திச்சு" என்றாள். அந்தப் பாவத்தைப் பொன்னேரிக்கு முன்னால் பார்த்திருக்கலாம். திரும்பி வந்த வண்டியில் நின்றுகொண்டே வந்தேன்.

பொன்னேரி ஸ்டேஷனில் செல்வி காத்திருந்தாள். எங்கள் ஆய்வுக்காகப் பழவேற்காட்டில் வேலை பார்க்கிறவள், உள்ளூர் மருமகள். மாதக் கடைசியில் குப்பத்துக்குப் போய் அழுத்தம் அளந்து, புது பாட்டில் கொடுத்து வருவது அவள் பொறுப்பு. நடக்கச் சொன்னால் ஓடுகிற ஜாதி. "மேடம், நான் ஒழுங்காத்தான் பாக்கறேன். மெஷின் சரியாத்தான் கீது. ஆளுங்கதான் டபாய்க்கிறாங்கோ" என்று பஸ் ஏறுவதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டாள். அவள் மேல் தப்பு கண்டுபிடிக்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்று பயந்திருந்தாள். அது பொய்யும் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. காட்டூர்ப் பக்கத்து நெல் வயல் முடிந்ததும் மண்ணும் உப்பும் கலந்த ஒரு வாடை ஏறியது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. எங்கள் ஊரில் வானத்தில் நிற்பது மலை, இங்கே கிரேன். மலைக்கு விளக்குப் போடுவதில்லை என்பது ஒரு வசதி.

சாயங்காலம் பழவேற்காட்டுக் கடைத்தெரு மெஸ் ஒன்றில் நண்டுக் குழம்பு சாப்பிட்டேன். கோயம்புத்தூரில் நண்டு என்று தட்டில் வைப்பது ஓடு, இடைவெளி, கொஞ்சம் மசாலா. இங்கே வந்தது நண்டு. காலை உடைத்துச் சதையை எடுக்கத் தெரியாமல் நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு மெஸ்காரர் வந்து, என்னிடம் கேட்காமலேயே உடைத்துக் கொடுத்தார். வெட்கமாக இருந்தது. ஆனால் தட்டை நகர்த்தவில்லை.

மறுநாள் காலை படகு. ஏரியாம். கரை தெரியவில்லை என்றால் எனக்கு அது கடல்தான். அழுத்தம் அளக்கும் கைக்கருவிப் பெட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஈச்சனாரி விநாயகரைக் கூப்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன். மூழ்கப் போகிறோம் என்று நான் நினைத்த இடத்தில் படகு தரை தட்டி நின்றது. நட்ட நடு ஏரியில் முழங்கால் தண்ணீர். "எறங்கு, எறங்கு, ஜல்தியா தள்ளுங்கோ" என்றார் படகுக்காரர். எல்லோரும் சாவகாசமாக இறங்கினார்கள். நானும் சேலையைச் சொருகிக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். வெளிநாட்டு மெஷின். உடைந்தால் என்னை விற்றாலும் வராது. படகைத் தள்ளியபடி பின்னால் ஒருவர், "யாரு இது, தலையில கூட வெச்சுக்கினு? மீன் விக்க வந்திச்சா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

குப்பத்தில் எங்களுக்கு மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இடம் கொடுத்திருந்தார்கள். முதலில் வந்து உட்கார்ந்தவர் ஏழுமலை. அறுபதைத் தாண்டியவர், கட்டையான உடம்பு, ஊரில் மரியாதை உள்ள ஆள் என்பது மற்றவர்கள் வழிவிட்டதிலேயே தெரிந்தது. வலது கண் இந்த நோயில் ஆய்வுக்கு முன்பே போய்விட்டது. இடது கண்ணில்தான் வண்டி ஓடுகிறது. கூடவே அவர் மனைவி மங்கா. எப்போதும் அவருக்கு இடது பக்கமாகவே நின்றாள். ஏன் என்று கேட்டேன். "சோத்தாங்கைப் பக்கம் நின்னா நான் கீறது தெரியாது. மேல இட்சிட்டு, 'எவண்டா கம்பத்த நட்டவன்'னு கத்துவாரு" என்றாள்.

பார்வையின் பரப்பை அளக்க ஒரு மெஷின் உண்டு, ஆய்வு தொடங்கியபோதே கொட்டகையில் கொண்டுவந்து வைத்தது. முகவாயை அதில் வைத்து நடுப்புள்ளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மினுக்கினால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். அது அந்த ஊரில் நடக்கிற காரியம் இல்லை. தண்ணீரில் ஓரமாக ஒன்று மினுக்கினால் கண்ணைத் திருப்பிப் பார்ப்பதுதான் அவர்கள் பிழைப்பு. திருப்பாதே என்றால் எப்படி? ஏழுமலை கண்ணையும் திருப்பினார், கழுத்தையும் திருப்பினார். வெளிச்சம் வராதபோதும் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கு சும்மா அமுக்கறீங்கோ?" என்று செல்வி அதட்டினாள். "வுட்டா பூடுமே" என்றார் அவர். மூன்றாம் முறைதான் உருப்படியாக முடிந்து, தெரிகிற இடம் வெளிச்சமாகவும் தெரியாத இடம் இருட்டாகவும் ஒரு படம் வெளியே வந்தது.

அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு கண்ணாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவள், வேலாயுதம் என்பவரிடம் வந்ததும் நின்றேன். கடாமீசை, கறுத்த முகம், குரல் நாலு படகு தாண்டிக் கேட்கும். ஆனால் இமைமுடி! கல்யாணப் பெண்ணுக்கு ஒட்டிவைத்தது போல நீளமாக, கருகருவென்று, மேல்நோக்கி வளைந்து கிடந்தது. எனக்கு இந்த வயதில் அப்படி ஒரு இமை இருந்தால் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. வெள்ளை மூடி மருந்து போட்டால் சிலருக்கு இமைமுடி வளரும். கெடுதல் இல்லை, அது அந்த மருந்தின் குணம். நீல மூடிக்கு அந்தக் குணம் கிடையாது. வேலாயுதம் எங்கள் கணக்கில் நீல மூடி. அவருக்கு அடுத்தவரும் நீல மூடி. அவருக்கும் ஜோரான இமை. நான் டார்ச்சை அணைத்துவிட்டு வரிசையை அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை, நீலம் என்ற பேதமே இல்லாமல் அத்தனை தடியன்களும் என்னைப் பார்த்து இமைகளைப் படபடத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, நீங்க எந்த மூடி போடறீங்க?" என்று வேலாயுதத்தைக் கேட்டேன்.

"இந்த மாசம் வெள்ள."

"இந்த மாசமா? அப்ப போன மாசம்?"

"போன மாசம் நீலம். பாடு மாறிச்சில்ல?" என்றார், நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பது போல.

செல்வி நெற்றியில் அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பாடு என்றால் கஷ்டம் என்றுதான் தெரியும். மத்தியானம் மங்கா வீட்டில் மடவை மீன் குழம்பு சோற்றோடு எனக்குப் பாடம் நடந்தது. ஏரியில் மீன் நிறைய விழுகிற இடமும் உண்டு, வலை கட்டினால் பாசி மட்டும் வருகிற இடமும் உண்டு. நல்ல இடத்தில் ஒரு கூட்டமே உட்கார்ந்துகொண்டால் ஊரில் வெட்டுக்குத்துதான். அதனால் யார் முதலில் எங்கே என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அப்புறம் முறை வைத்து மாறிக்கொண்டே போவார்கள். இன்று உனக்கு நல்ல இடம், நாளை எனக்கு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். அந்தக் குப்பத்தில் பாடு போடுகிறவர் ஏழுமலை.

"நீங்கதான சீட்டு எடுக்கச் சொன்னீங்கோ?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். "சீட்டு இன்னாத்துக்கு எடுக்கறது? மொதல் தபா யாருக்கு எதுன்னு பாக்கத்தான? அப்பால மாறிக்கினே போவணும். மாறாத சீட்ட எங்கனா பாத்துக்கிறியாம்மா நீ?"

நீல மூடிதான் அவர்களுக்கு மோசமான இடம். இரண்டு வேளை போட வேண்டும், போட்டால் தொண்டைவரை கசக்கும். "நைனா, இன்னா கசப்பு! கஞ்சி எறங்கல" என்று முதல் மாதமே நீலக்காரர்கள் புலம்பியிருக்கிறார்கள். ஏழுமலைக்குச் சீட்டில் விழுந்தது வெள்ளை. பாடு போடுகிறவனுக்கே நல்ல பாடா என்று ஒருத்தன் சிரித்திருக்கிறான். மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மாற்றிக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒரு மாதம் அவரவர் பாட்டில் அவரவருக்கே, அடுத்த மாதம் செல்வி புது பாட்டில் கொடுத்துவிட்டுப் படகேறியதும், அன்று சாயங்காலமே கோயில் முன்னால் கூடி, வெள்ளையும் நீலமும் கைமாறிவிடும். ஒரு முறைகூடத் தவறவில்லை. எங்கள் ஊரில் தன் பேர் எழுதிய மருந்தையே ஒழுங்காகப் போடாதவர்கள் ஆயிரம் பேர். இவர்கள் அடுத்தவன் பேர் எழுதியதை ஒரு சொட்டு விடாமல் போட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சோற்றுக் கையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். ஆராய்ச்சியே நாஸ்தி. ஆனாலும் சிரித்தேன். மங்காவும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

சிரிப்பு சாயங்காலத்தோடு போயிற்று. தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து, எந்த மாதம் யார் கண்ணில் எந்த மருந்து என்று செல்வியும் நானும் அழுத்தக் கணக்கைத் திருப்பிப் போட்டோம். பெரும்பாலானவர்களுக்கு வெள்ளையும் நீலமும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. இரண்டு மூன்று பேருக்கு நீலம் கொஞ்சம் மட்டு. ஏழுமலைக்கு மட்டும் நீலம் கேட்கவே இல்லை. வெள்ளை மாதத்தில் அடங்கி இருக்கிற அழுத்தம், நீல மாதத்தில் சர்ரென்று ஏறியிருந்தது. ஒவ்வொரு முறையும். அன்று காலை அவர் பொத்தான் அமுக்கி வந்த படத்தை ஆய்வு தொடங்கியபோது எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தேன். இடது கண்ணில் இருட்டு உள்ளே வந்திருந்தது. இன்னும் இப்படியே மாறி மாறிப் போனால், இருக்கிற ஒரு கண்ணும் நிற்காது.

"ஒவ்வொரு தபாவும் அவரத் திட்டினேன் மேடம், மருந்து போடறதில்லையான்னு. அம்மன் மேல சத்தியமா போடறேன்னாரு" என்றாள் செல்வி. அழுதாள். நான் அவளைத் திட்ட வந்தவள். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் ஏழுமலை வீட்டுக்குப் போனோம். வாசலில் மங்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எப்போதும் செய்கிற தப்பைச் செய்யாமல், பெரிய வார்த்தை எதுவும் போடாமல் சொன்னேன். நீல மருந்து உங்களுக்குக் கேட்கவில்லை, கண் போய்க்கொண்டிருக்கிறது, இவ்வளவு போன பிறகு சொட்டு மருந்து மட்டும் போதாது, உடனே சென்னையில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும், அதுவரை வெள்ளை மட்டும்தான் போட வேண்டும் என்றேன்.

அவர் அசரவில்லை. "தோ, அடுத்த வாரம் நல்ல எடம் எங்க படகுக்கு வருது. நான் இல்லாட்டி எங்க செட்டுக்கே லாஸு. சீசன் முடியட்டும்மா. ரெண்டு கண்ணையும் சேத்து ஆபரேசன் பண்ணிக்கறேன். எங்க அண்ணிக்கு பொறை எடுத்தாங்கோ. மறுநாளே கரண்டு கம்பத்து மேல கீற காக்காவ எண்ணிச்சு. எனக்கும் எடுத்துட்டா தெரிஞ்சிட்டுப் போவுது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனுஷன் ஏன் இத்தனை நாள் கவலையே இல்லாமல் இருந்தார் என்று. போன வலது கண்ணும் ஒரு நாள் திரும்பி வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணிக்கு வந்தது புரைங்க. கண்ணாடி அழுக்கான மாதிரி. எடுத்துட்டு வேற வெச்சா தெரியும். உங்களுக்கு நரம்பு போகுதுங்க. போனது வராது. ஆபரேஷன் செஞ்சாலும் வராது. இருக்கறதக் காப்பாத்தத்தான் ஆபரேஷன்."

"அப்ப சோத்தாங்கைக் கண்ணு?"

"அது வராதுங்க."

அவர் கையைத் தூக்கி வலது கண்ணைத் தொட்டுப் பார்த்தார். மங்காவின் கத்தி நின்றுவிட்டது. இருபது வருஷமாக இந்தச் சொல்லை யார் யாரிடமோ சொல்லியிருக்கிறேன், ஆஸ்பத்திரி மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு. அங்கே சொல்வது சுலபம், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடலாம்.

கையை இறக்கிவிட்டு அவர், "ஆனாலும் எனக்கு மட்டும் வெள்ளன்னா ஞாயமா? பாடு போடறவனே பாட்ட ஒடச்சான்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான். அது வேணாம்" என்றார். நான் படித்துப் படித்துச் சொன்னேன். டாக்டர் திட்டுவார் என்றேன். அழுத்தக் கணக்கைக் காட்டினேன். மனுஷன் மசியவில்லை. கண்ணை விட மானம் பெரிதென்று நினைக்கிற ஆம்பளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் அவர்களைக் கட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி.

மங்கா மீன் கையைக் கழுவினாள். "எய்ந்திரு" என்றாள். "கூட்டம் போடச் சொல்லு. ஊரு சொல்லட்டும்."

வெயில் தாழ்ந்ததும் கோயில் முன்னால் ஜமக்காளம் விரித்து ஆம்பளைகள் உட்கார்ந்தார்கள். பொம்பளைகள் அந்தக் கூட்டத்தில் பேசுவதில்லையாம். தள்ளி நின்று கேட்பார்களாம். நான் விருந்தாளி என்பதால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். "மெய்யாலுமா?" என்று வேலாயுதம் மட்டும் கேட்டார். இன்னொருவர், "ஏழுமலைக்கு ஒரு ஞாயம்னா, நாளைக்கு எல்லாரும் வந்து எனக்கு கண்ணு, எனக்கு காலுன்னு நிப்பான். பாடுன்னு எதுக்கு வெச்சுக்கீது?" என்றார். ஏழுமலையே அதற்குத் தலையாட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியைத் தூக்கி அவர்மேல் போடலாமா என்றிருந்தது.

மங்கா ஜமக்காளத்தின் ஓரம் வரை வந்துவிட்டாள். அப்போதும் புருஷனுக்கு இடது பக்கமாகத்தான்.

"நான் ஒண்ணு கேக்கறேன், அப்பால என்ன திட்டுங்கோ. பாடு எதுக்குய்யா மாத்தறீங்கோ? இன்னிக்கு ஒருத்தன் வாரின எடத்துல நாளைக்கு மறுபடியும் மீன் வருது. அதுக்குத்தான? வர்றதுக்குத்தான்யா பாடு. இவரு கண்ணுல போனது வராதாம். அந்தம்மா சொல்லிச்சு, கேட்டீங்கல்ல? வராததுக்கு இன்னாய்யா பாடு?"

வேலாயுதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் பின்னால் இன்னொருவர். பிறகு இரண்டு பேர். போச்சு, கூட்டம் கலைந்துவிட்டது, பொம்பளை பேசினதால் கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். ஏழுமலை குனிந்து ஜமக்காளத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

வேலாயுதம்தான் முதலில் திரும்பி வந்தார். இடுப்பிலிருந்து வெள்ளை மூடி பாட்டில் ஒன்றை எடுத்து ஏழுமலை முன்னால் வைத்தார். "உன் பேரு போட்டதுதான். இம்மா நாளா நான் ஊத்திக்கினு இருந்தேன். எட்துக்கோ" என்றார். அடுத்தவர் வந்தார். அவரும் ஒரு வெள்ளை மூடியை வைத்தார். அடுத்தவரும். ஜமக்காளத்தில் ஏழுமலைக்கு முன்னால் வெள்ளை மூடிகளாகச் சேர்ந்துகொண்டே போனது.

நான் அலறினேன். "ஐயோ சாமி, வேண்டாம்! அத்தனையும் அவருக்கு எதுக்கு? உங்க கண்ணுக்கு யார் மருந்து போடறது? எடுங்க, எடுங்க!" ஒருத்தரும் எடுக்கவில்லை. "அவருக்கு இருக்கட்டும்மா, நாங்க கசப்பையே ஊத்திக்கறோம்" என்றார் கடாமீசை. அந்தக் குரலில் தகராறு செய்வது போலத்தான் சொன்னார். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆராய்ச்சிக்காரி அழக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

செல்வியும் நானும் தொண்டை வறளக் கத்தி, ஒவ்வொரு பாட்டிலிலும் இருக்கிற பேரைப் படித்து, அவரவர் கையில் திணித்தோம். இதுவரை நடந்தது போதும், இனி மாற்றினால் எல்லோருடைய கண்ணும் என் தலையில்தான் விடியும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். நல்ல இடத்து முறைக்கு ஏழுமலை படகில் வேறு ஒருத்தர் போவது என்றும், ஏழுமலையின் பங்கு வீட்டுக்கு வந்துவிடும் என்றும் ஊர் சொல்லிவிட்டது. ஏழுமலை தன் பேர் போட்ட பாட்டிலை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

சிக்னல் கிடைக்கிற மணல்மேடு ஒன்று இருந்தது. அதில் ஏறி நின்று பெரிய டாக்டருக்குப் போன் போட்டேன். பாட்டில் மாற்றின கதையைச் சொன்னதும் அவர் கத்தின கத்தலில் போனே தேவைப்பட்டிருக்காது. எல்லோருக்கும் இரண்டு மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்கிற ஆய்வு எங்கள் துறையில் தனியாகவே உண்டு. அதற்கு அனுமதி வாங்கவே நாக்குத் தள்ளிவிடும். அதை இந்தக் குப்பம் யாரையும் கேட்காமல் நடத்தி முடித்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. ஏழுமலையின் அழுத்தத்தைச் சொன்னேன். எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். "அவர் இனிமே ஆய்வுல இல்ல. பேஷன்ட். நாளைக்கே மெட்ராஸ்ல சேத்துடு, நான் பேசிடறேன்" என்றார். மனுஷன் கத்துவார், ஆனால் டாக்டர்.

நாலாம் நாள் படகில் ஏழுமலையும் மங்காவும் எங்களோடு வந்தார்கள். பஸ்ஸில் மங்கா எனக்கு அவித்த இறால் கொடுத்தாள். பொன்னேரியில் ரயில் ஏறும்போது பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த இடைவெளியை அவர் பார்க்கவில்லை. மங்கா அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டாள். "சனியனே, மெதுவா" என்று அவர் திட்டினார். அவள் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆபரேஷன் ஆகிச் சில வாரங்கள் கழித்து மறுபடி போனேன். பெரிய டாக்டர் அனுப்பவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்ட பயணம். கண் சிவப்பு வடிந்திருந்தது, அழுத்தம் இறங்கி நின்றிருந்தது. ஏழுமலையை மெஷின் முன்னால் உட்கார வைத்தோம். நடுப்புள்ளியை விட்டுக் கண்ணைத் திருப்பாமல், வெளிச்சம் வந்தால் மட்டும் அமுக்கி, முழுசாக முடித்தார். முகவாயை எடுத்ததும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா ஆபரேசன் இது? முன்ன எப்பிடியோ அப்பிடியேதான் கீது. ஒரு புள்ளி கூட ஜாஸ்தியா தெரியல."

படம் வெளியே வந்தது. முந்தைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். செல்வி என் தோள்மேல் எட்டிப் பார்த்தாள். இருட்டு இருந்த இடத்தில் இருட்டு இருந்தது. வெளிச்சம் இருந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மங்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொறஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

"குறையலீங்க. அப்படியே இருக்கு."

அவள் முந்தானையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் பேந்தப் பேந்த விழித்தார். "இன்னாமே? அழுவறியா? நல்லா ஆவலன்னுதான சொல்றேன்" என்றார். மங்கா முந்தானையை இறக்கி, மூக்கைச் சிந்தி, அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஆவ வேணாம். அப்பிடியே கீயா. சாவற வரைக்கும் அப்பிடியே கீ."